மூன்றாவது வரிசையில் நான் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரைவை நீங்கள் படிப்பதற்கு முன்பே என் அண்ணன் கத்திவிட்டான். 'படித்துவிட்டான்' என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய்யாகிவிடும். மைக்கை விழுங்கப் போகிறவன்போல் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கிட்டார்களுக்கு மேலாகக் கத்தினான்.

அண்ணன் 'துரு' என்ற இசைக்குழுவின் பாடகன். ராப் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டில் சுவரில் துளைபோடும்போது ஒருவர் அதற்கு ஈடுகொடுத்து மூச்சுவிடாமல் வாய்ப்பாடு ஒப்பித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. (அண்ணன் இதைப் படித்தால் முறைப்பான். அம்மா படித்தால், "சரியாத்தானே எழுதியிருக்கா" என்பாள்.)

நான் குடிநீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நான் அதிகம் பேசுவதில்லை. தண்ணீரும் பேசாது. ஒத்துப்போகிறது.

2

இவர்கள் புகழ்பெற்றதை எங்கிருந்து தொடங்குவது? மூன்று முறை முயன்றேன்.

முயற்சி ஒன்று. கைவிடப்பட்ட கிடங்கு ஒன்றில், உலகத்தின் மீது கோபம் கொண்ட நான்கு இளைஞர்கள்

[இல்லை. கிடங்கு இல்லை. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. கோபமும் இல்லை. மூன்று பேருக்குப் பசி, ஒருவருக்குச் சளி.]

முயற்சி இரண்டு. கீழே இயந்திரங்கள் துணி பிழியத் தொடங்கினால் மேலே தரை அதிரும். டிரம்ஸ்காரர் அந்த அதிர்வுக்கே தாளத்தைப் பொருத்திக்கொள்வார். அதனால் துருவின் பழைய பாட்டுகள் எல்லாமே

[ஒரே வேகம். இதை எழுதினால் டிரம்ஸ்காரர் வருத்தப்படுவார்.]

முயற்சி மூன்று, நடந்தது. இவர்களுக்கு இசை முதலில் வரும், சொல் பிறகு வரும். எந்த இடத்தில் எவ்வளவு சொல் பிடிக்கும் என்று பார்க்க, கைக்குக் கிடைத்த எதையாவது தற்காலிகமாகப் பாடிப் பதிவு செய்வார்கள். 'டிராக் பாடுவது' என்று பெயர். வரிகள் தயாரானதும் டிராக்கை அழித்துவிட்டு அவற்றைப் பாட வேண்டும். அன்று அண்ணன் கைக்குக் கிடைத்தது, ஆய்வகச் சுவரில் ஒட்டுவதற்காக நான் அச்செடுத்து வைத்திருந்த பாதுகாப்பு விதிகள்.

கையுறை அணி. கண்ணாடி அணி. தனியாக இருக்கும்போது தீ மூட்டாதே. அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே.

பிறகு உண்மையான வரிகளையும் பாடினான். ஆனால் பாட்டை வெளியிட்டபோது, பழைய பதிவை மற்றவன் மாற்றியிருப்பான் என்று நான்கு பேருமே நினைத்துக்கொண்டார்கள். யாரும் மாற்றவில்லை. பத்தே நாளில் பேருந்துகளில் "ஊற்றாதே! ஊற்றாதே!" என்று கேட்டது. அடுத்த வருடம் ஒரு விளையாட்டரங்கமே எழுந்து நின்று அதைக் கத்தியது. உண்மையான வரிகள் என்னவென்று இப்போது அண்ணனுக்கே நினைவில்லை.

எங்கள் ஆய்வகத் தலைவி மட்டும், "ஏழாவது விதிய உங்க அண்ணன் விட்டுட்டாரும்மா," என்றார்.

3

டிரம்ஸ்காரர் மீது எனக்கு ஒரு சந்தேகம். பாத்திரமாக அவரை யாராவது நம்புவார்களா? மேடையில் அவர் பெயர் பூகம்பம். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

"தங்கச்சி, கதைல என்னக் கொஞ்சம் முரடனா காட்டேன்."

"எப்படிண்ணா?"

"ஏதாவது போட்டு ஒடைக்கிற மாதிரி."

"எத ஒடைக்கணும்?"

வெகுநேரம் யோசித்தார். "ஏற்கெனவே ஒடஞ்சது ஏதாவது."

ஆகவே: பூகம்பம் கைப்பிடி இல்லாத ஒரு கோப்பையைச் சுவரில் வீசி உடைத்தார். உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். மேலே போகலாம்.

4

புதிய ஆல்பம், மூன்றாவது. பத்துப் பாட்டுகள். ஒன்பது முடிந்துவிட்டன. பத்தாவதற்கு இசை இருக்கிறது, சொல் இல்லை. டிராக் பாடுவதற்காக அண்ணன் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போனான். நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த நோட்டு.

அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் விடவில்லை. "இல்லை! கிடங்கு இல்லை!" என்று கத்தினான். பதிவைப் பிறகு கேட்டபோது நன்றாகவே இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், நான் ஒருவரிடமும் சொல்லாத ஒரு பத்தி வந்தது. இனி மறைத்துப் பயனில்லை. இதுதான் அது:

துருவின் முதல் பெரிய கச்சேரிக்கு நான் உள்ளே போகவில்லை. எண்ணூறு பேர். வாசல்வரை போய்க் கால் நின்றுவிட்டது. பக்கவாட்டில் இருந்த அவசர வழிக் கதவில் காதை வைத்து இரண்டு மணி நேரம் கேட்டேன். அண்ணன் கேட்டபோது, மூன்றாவது வரிசையில் நின்றேன் என்று சொன்னேன். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது எனக்கு

அதோடு நோட்டில் எழுத்து நின்றுவிட்டது. பாட்டில் இன்னும் முப்பது விநாடி இசை மிச்சம் இருந்தது. அந்த முப்பது விநாடியும் அண்ணன் ஒன்றும் பேசாமல் நின்றானாம்.

வீட்டுக்கு வந்தபிறகு பேசினான்.

"அப்ப மூணாவது வரிசைல நின்னது யாரு?"

"எனக்கெப்படிண்ணா தெரியும்?"

"பச்ச சட்டை. வெளிச்சத்துல மூஞ்சி தெரியல. நீதான்னு நெனச்சு அந்தப் பொண்ணையே பாத்து ரெண்டு மணி நேரம் பாடியிருக்கேன்டீ!"

"எங்கிட்ட பச்ச சட்டையே கெடையாதே."

"அத அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஆறு வருஷமா பேட்டி குடுக்கிறேன். 'தங்கச்சி மூணாவது வரிசைல நின்னா, அந்தத் தைரியத்துலதான் பாடினேன்'னு. அம்மா அத வெட்டி எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க!"

அம்மா சமையலறையிலிருந்து, "ஃபிரேமக் கழட்டணுமா, இருக்கட்டுமா? ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க," என்றாள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். குரலை இறக்கினான்.

"இதவிட நல்லா நான் பாடினதே இல்ல. நாலு பேருக்கும் அதே நெனப்புதான். ஆனா இது ஒன்னோடது. நீ வேணாம்னா வேற எழுதிக்கிறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆல்பத்த அனுப்பணும்." எழுந்து போனவன் திரும்பி வந்தான். "பாட்டு எப்படியோ போகட்டும். கதவுக்கு வெளிய ஒனக்கு என்னதான் ஆச்சு? அது எனக்குத் தெரியணும்."

5

முடிவு அ. வேண்டாம் என்கிறேன். அண்ணன் வேறு வரிகள் எழுதுகிறான். இருட்டு, துரோகம், இரும்பு எல்லாம் வருகிறது. நான் உள்ளே போகாதது எங்கள் வீட்டோடும் குழுவோடும் நின்றுவிடுகிறது. எனக்கு நிம்மதி. பாட்டு சுமார்.

முடிவு ஆ. சரி என்கிறேன். கடைசி முப்பது விநாடியை மட்டும் வெறும் இசையாக விடச் சொல்கிறேன். எழுதுகிறவளாக எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அழகாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்துக்குப் பாதி நிரம்பிய குப்பி வந்தால் நாங்கள் அழகு பார்ப்பதில்லை. 'மாதிரி போதவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவோம். அண்ணன் கேட்டதற்கு அப்படி ஒரு பதிலைக் கொடுக்க

[முடியாது.]

முடிவு இ. மறுநாள் மதியம் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிற அக்கா இருந்தார். நான்கு பேரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். இந்தப் பக்கம் நானும் மைக்கும்.

"ஒனக்கு என்னம்மா வேணும்? தண்ணி? ஸ்டூல்?"

"யாரும் என்னப் பாக்கக் கூடாதுக்கா."

அக்கா திரும்பினார். "கேட்டுச்சில்ல? எல்லாரும் செவுத்தப் பாத்து நில்லுங்க. பூகம்பம், நீயும்தான்."

அரங்கங்களை அதிரவைத்த நான்கு பேரும் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். அண்ணன் திரும்பாமலே, "நாங்க யாருமே இங்க இல்லடீ. சொல்லு," என்றான்.

"பிடிக்கலன்னா தலைய ஆட்டு, அந்த நிமிஷமே அழிச்சிடுறேன்," என்றார் அக்கா.

சிவப்பு விளக்கு எரிந்தது. இசை வந்தது. பேசினேன். நான் முடித்த பிறகும் இசை நான்கு விநாடி ஓடியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை.

என்ன பேசினேன் என்பதை எழுதப்போவதில்லை. விளக்கு அணைந்த பிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று பேர் திரும்பிவிட்டார்கள். அண்ணன் திரும்பவில்லை. நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நிற்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. பூகம்பம் அவன் முதுகில் கைவைக்கிறார், ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. யார் சிரித்தாலும் அழுதாலும் அவர் முதுகில் கைவைப்பவர்.

சிரிக்கிறானா, அழுகிறானா? நான் சொன்னதில் இரண்டுக்கும் இடம் இருந்தது. நீங்களே தீர்மானியுங்கள், எதுவானாலும் எனக்குச் சம்மதம். கொஞ்சம் சீக்கிரம். அவன் திரும்பப் போகிறான்.