துரையும் கருப்பனும்

கொழும்புத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, பசறைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்து ஆடு இனவிருத்தியில் இறங்கினேன். கையில் இருந்தது ஒரே ஒரு ஜமுனாபாரிக் கிடாய். தொங்கும் நீளக் காதும் வளைந்த மூக்குமாக அது நின்ற தோரணையைப் பார்த்து ‘துரை’ என்று பெயர் வைத்தேன். ‘உயர் இன ஆடு இனவிருத்தி நிலையம், நிர்வாக இயக்குநர் றுஷாந்தன்’ என்று பலகையும் மாட்டினேன். இயக்குவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

முதல் வாடிக்கையாளர் பதுளைக் கடைக்காரர் ஷுக்ரி நானா. பருவத்துக்கு வந்த தன் ஆட்டை இரண்டு நாள் என்னிடம் விட்டுப் போனார். நான் புல்லறுத்துத் திரும்பியபோது ஆடு அமைதியாக நின்றது. நிபுணனுக்கு அது போதாதா?

"வேலை முடிஞ்சிருச்சு நானா. நீளக் காதுக் குட்டிக்கு நான் பொறுப்பு" என்று போனில் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து நானா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டு குட்டிகள். இரண்டும் கரிக்கட்டை நிறம். குட்டைக் காதுகள் விறைத்து நின்றன.

"காது போகப் போகத் தொங்கிரும் நானா."

அவர் ஒரு குட்டியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூக்கும் போகப் போக வளையுமா தம்பி?"

திரும்பியதும் பக்கத்து லயத்து வீட்டு இருதயம்மா அக்காவிடம் போனேன். கறுப்புக் கிடாய் இருந்தது அவரிடம்தான்.

"எங்க கருப்பன் அன்னைக்கு வேலியத் தாண்டி ஒங்க கொட்டிலுக்கு வந்துச்சு. நீங்க தெரிஞ்சுதான் விட்டீங்கன்னு நெனைச்சேன்" என்றார்.

"அப்ப துரை என்ன பண்ணுச்சு?"

"அவரு மூலையில படுத்து எல தின்னுக்கிட்டு இருந்தாரு."

மிருக வைத்தியர் துரையைத் தட்டிப் பார்த்தார். "நோய் ஒன்னும் இல்ல, கொழுப்பு. நடக்க வைங்க."

உயர் இனம் என்று மூன்று வேளையும் சோளம் ஊட்டியது நான்தான். மறுநாளிலிருந்து தேயிலை மலைப் பாதையில் இருவரும் ஏறி இறங்கினோம். முதலில் மூச்சு வாங்கியது எனக்கு.

நானாவிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன், சிரித்துவிட்டார். ஆடு மறுபடி பருவத்துக்கு வந்ததும் கொண்டுவந்தார். நான் வேலியை உயர்த்திக் கட்டி, கொட்டில் வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மாலை நான்கு மணிக்குத் துரை எழுந்து தன் கடமையைச் செய்தார். என்னை மறந்து கைதட்டிவிட்டேன். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் பாதையிலேயே நின்றார்கள்.

"என்ன தம்பி, மெட்ச் பாக்குறீங்களா?" என்றார் ஒருவர்.

"ஆமாங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்த முறை பிறந்தது ஒரே குட்டி; ஆனால் காது இரண்டும் தாடைக்குக் கீழே தொங்கின. பதுளையிலிருந்து வரும் பஸ்ஸில் அதன் படத்தைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கிவிட்டார்.