விரத வீட்டில் இரண்டு தங்கமீன்கள்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. பதுளையில் வளர்ப்பு மீன் விற்கும் ஷாஹ்மி நானாவின் கடையில் ஒரு வேலையுமில்லாமல் நின்றிருந்தேன். பூனாகலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், குடையைக்கூட மடக்காமல் கேட்டாள்:

"நானா, மீனுக்குச் சைவச் சாப்பாடு இருக்குங்களா?"

ஷாஹ்மி சிரிக்கவில்லை. அவர் வியாபாரி.

"இல்ல தங்கச்சி. இந்தத் தீனியே மீன அரச்சுத்தான் செய்ற. மீன் மீனத்தான் திங்குது. அதுக்கென்ன வெக்கமா மானமா?"

"வீட்டுக்காரரு மாலை போட்டிருக்காரு நானா."

"அப்ப கடல்பாசி குடுத்துப் பாருங்க. சோத்தச் சுத்தித் திங்கிற காஞ்ச தாள். எல்ல டவுன் ஹோட்டல்கள்ல இருக்கும். உப்புப் போடாததாப் பாத்து எடுங்க."

அவள் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அவளுக்குக் கலாராணி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"மூடுபனி லயத்துக் கூரைகளைத் தழுவிக்கொண்டு" [நிறுத்திவிட்டேன். மலையகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனிக்கும் இந்த மீன்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

"கலாராணிக்கு மீன் என்றால் உயிர்." [பொய். அவளுக்கு மீன் என்றால் குழம்பு.]

"மீன்கள் அவளுடையவை அல்ல." இது நிற்கும்.

மீன்கள் எல்லயில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒரு நோனாவுடையவை, அதாவது முதலாளியம்மாவுடையவை. கலாராணி வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் அறைகளைக் கூட்டித் துடைப்பாள். மற்ற நாட்களில் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பாள். மழையில் கெஸ்ட் ஹவுஸின் கூரை இறங்கிவிட்டது. திருத்தி முடிக்கும்வரை தொட்டி மீன்கள் இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நோனா கலாராணியிடம் கொடுத்தாள். தையில் திறக்கும்போது இரண்டும் உயிரோடு வந்தால், அறைகளைப் பார்க்கும் வேலை கலாராணிக்கே நிரந்தரம். வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் மீன்களின் முகம் பார்ப்பாள்.

அவளுக்கு இது வெறும் மீன் வளர்ப்பு அல்ல. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வழி, பிளாஸ்டிக் பேசின் ஒன்றுக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

3

மாரிசாமி. கணவன். இவனை எழுதுவதில்தான் எனக்குத் தடுமாற்றம்.

முதலில் மூடனாக எழுதினேன். நன்றாக வந்தது. சுலபமாக வருவதை நம்பக்கூடாது என்று கிழித்துப் போட்டேன். பிறகு பக்திமானாக எழுதினேன். அதில் எனக்கே தூக்கம் வந்தது.

அவன் வருடம் முழுக்கக் குடிப்பவன். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடிப்பதில்லை, கத்துவதில்லை. விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்வான். அந்த ஒரு மண்டலம் கலாராணி நிம்மதியாகத் தூங்குவாள். ஆகவே அந்த மாலை அவன் கழுத்தில் இருக்க வேண்டும் என்று அவனைவிட அதிகம் விரும்பியவள் அவள்தான்.

(மாலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மாலை போட்ட வீட்டில் மீனும் இறைச்சியும் நுழையாது. மாலை போட்டவர்களை எல்லோரும் சாமி என்பார்கள். அவர்களும் எல்லோரையும் சாமி என்பார்கள். மனைவி சாமி. கண்டக்டர் சாமி. மாரிசாமி கோழியைக்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.)

நோனா கொடுத்த மீன் தீனி டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். அவன் டப்பாவை ஒரு பழைய துணியால் பிடித்துக் கொண்டுபோய் வெளியே விறகுக்குள் வைத்தான்.

"மீனுக்கு மீன் போடுற வீட்ல நான் எப்புடிச் சாமி வெளக்கேத்துறது?"

"அது நம்ம வாய்க்குள்ளயா சாமி போகுது?"

"வீட்டுக்குள்ள போகுதுல்ல."

குனிந்து பேசினைப் பார்த்தான். "கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி," என்றான். மீன்களிடம்.

4

அடுத்த நாள்தான் அவள் பதுளைக்குப் போனாள். ஷாஹ்மி சொன்ன பாசி கெஸ்ட் ஹவுஸ் சமையலறையிலேயே இருந்தது. நோனாவிடம் போனில் கேட்டுவிட்டு எடுத்துவந்தாள். கரும்பச்சைத் தாள்கள். ஊறவைத்துக் கிள்ளிப் போட்டாள். மீன்கள் பாய்ந்து வந்து தின்றன.

இங்கேயே கதையை முடித்திருக்கலாம். சைவ மீன்கள், நிம்மதியான மனைவி, பக்தியுள்ள கணவன். ஏதாவது மலருக்கு அனுப்பினால் போடவும் செய்வார்கள்.

ஆனால் நானும் ஒரு தாளைத் தேடி வாங்கி ஊறவைத்துப் பார்த்தேன். எழுதுவதற்காகத்தான். [தின்றும் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.] வீடு கருவாடு மணத்தது.

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அந்த வருடம் அந்த லயத்து ஆண்கள் அத்தனை பேரும் மாலை போட்டிருந்தார்கள். பாசி ஊறிய இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"என்னா கலா, வீட்ல விசேஷமா?"

"ஒன்னுமில்லையே."

"இல்ல, வாசம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுச் சாமி சோத்தத் தள்ளி வச்சுட்டு ஓங்க செவுத்தையே பாக்குறாரு. பாவம்."

"அது பாசி, ஜெயா. மீனுக்குப் போடுறது."

"பாசியா? சரி, சரி. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. மாலை போட்ட மாரிசாமியின் பெண்டாட்டி கருவாடு சுடுகிறாள்.

5

குருசாமி வந்தார். பல தடவை மலை ஏறியவர், இவர்களை அழைத்துப் போகிறவர். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இருமுடி கட்ட முடியாது. மாலையைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றினால் மாரிசாமி அன்று மாலையே எங்கே போவான் என்று கலாராணிக்குத் தெரியும்.

குருசாமி ஒரு துண்டுப் பாசியை முகர்ந்தார். முகத்தைத் திருப்பினார். மறுபடியும் முகர்ந்தார்.

"செடிதானா?"

"செடிதாங்க. கடல்ல மொளைக்கிறது."

"அப்ப சைவம்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா லயத்துல இத்தனை சாமிமாரு இருக்காங்க. எல்லாத்துக்கும் நாக்கு ஊறுதுன்னு சொல்றாங்க. நாக்கு ஊறுனா அதுவும் விரதம் கெட்ட மாதிரிதான்."

"அதுக்கு நா என்னாங்க செய்ய?"

"பாசிய நிறுத்து. அந்த டப்பாவும் வேணாம். நாங்க மலைக்குப் போய்த் திரும்புற வரைக்கும் அதுகளும் விரதம் இருக்கட்டும்."

மாரிசாமி குருசாமிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கலாராணி குரலை உயர்த்தவில்லை.

"இவரு அதுகளையும் சாமின்னுதான் கூப்புடுறாரு. ரெண்டு சாமியப் பட்டினி போடச் சொல்றீங்களா, குருசாமி?"

குருசாமிக்கு இதற்குப் பதில் வைக்க நான் பலமுறை முயன்றேன். "சாமிக்கு எதுக்குச் சாப்பாடு" என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவர் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, "சொல்றதச் சொல்லிட்டேன்," என்று போய்விட்டார்.

6

முடிவுகள்.

(அ) ஒரு மீன் செத்துப்போகிறது. வீட்டில் சாவு விழுந்தால் மாலையைக் கழற்ற வேண்டும். மீன் செத்தால் தீட்டு உண்டா? லயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். சிரிக்க நன்றாக இருக்கும். ஆனால் கலாராணி வெறுங்கையோடு நோனாவின் முன்னால் நிற்பதை எழுத வேண்டிவரும். எனக்கு இஷ்டமில்லை.

(ஆ) அவள் யாருக்கும் தெரியாமல் டப்பாத் தீனியைப் போடுகிறாள். நடக்கக்கூடியதுதான். ஆனால் அவள் இதுவரை எதையும் ஒளித்துச் செய்யவில்லை. கதையை முடிப்பதற்காக அவளைக் கள்ளியாக்க முடியாது.

(இ) இதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மீன்கள் பட்டினி கிடந்த மூன்றாம் காலை. மாரிசாமி குளித்துவிட்டு ஈரம் சொட்ட வருகிறான். கலாராணி பேசினைத் தூக்கிவந்து அவன் காலடியில் வைக்கிறாள். விறகுக்குள் இருந்த டப்பாவை ஒரு பக்கமும், பாசித் தாளை மறு பக்கமும் வைக்கிறாள்.

"சாமி, நா பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறேன். ரெண்டுல எதையாச்சும் போடுங்க. மாலை கழுத்துல இருக்கணும்னா ஒன்னும் போடாதீங்க. ஆனா அத நோனாகிட்ட நீங்களே சொல்லிருங்க. கொழுந்துக் கூடைய இன்னும் எத்தன வருஷம் தூக்கணும்னு எனக்கும் சொல்லிருங்க."

"நீயே போட்டுட்டுப் போயேன், சாமி."

"நானா மாலை போட்டிருக்கேன்?"

கூடையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தங்கமீன்கள் எப்போதும் அப்படித்தான் செய்யும். அதற்கு அர்த்தம் கற்பிக்க மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயலெட்சுமி வீட்டில் பாத்திரம் விழுகிறது. மாரிசாமி கையை நீட்டுகிறான். எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். எனக்குக் குருசாமியும் இல்லை, நோனாவும் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அது சும்மா சொன்னதாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லுங்கள், அவன் எதைப் போட வேண்டும்? யோசித்தே சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நேரம் யோசித்தால் மீன்களுக்கு அதுவே பதிலாகிவிடும்.