டீ குடிக்காத மேனேஜர்

எதிர்வீட்டுக்காரருக்கு ஐம்பது தாண்டிய வயதில் புது வேலை. பழைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது ஐஸ்கிரீம் கிடங்கில் மேற்பார்வை. ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் வீட்டில் உட்கார்ந்து சமையலுக்கு நொட்டை சொல்லலாம். இதில் யாருக்கு பயம் அதிகம் என்றால், அவர் மனைவிக்குத்தான்.

மேனேஜர் அவருடைய மகள் வயதுப் பெண். "சின்னப் பொண்ணுதானே, பக்குவமா நடந்துக்கிட்டா போச்சு" என்று படிக்கட்டில் என்னிடம் அளந்தார். பக்குவம் என்றால் பழைய முதலாளியிடம் பழகியது. காலை டீ உள்ளே இறங்கும் முன் கெட்ட செய்தி சொன்னால் அந்த மனிதர் பேயாட்டம் ஆடுவார். இறங்கியபின் சொன்னால், "சரி, பாத்துக்கோ."

ஒருநாள் காலை குளிர் அறை மோட்டார் முனகியது. இவர் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் டீ குடிக்கட்டும் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே குட்டி போட்ட பூனை மாதிரி உலாத்தினார். அந்தப் பெண் தண்ணீர் குடித்தது, போன் பேசியது. டீயை மட்டும் காணோம். மோட்டாரும் ஓய்ந்துவிட்டது. கடைசியில் இவரே கேண்டீனுக்கு ஓடி, ஒரு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

"நான் டீயே குடிக்கிறதில்லையே சார்?"

"இன்னைக்கு மட்டும் ஒரு வாய் குடிச்சிருங்க மேடம்."

"எதுக்கு?"

"மோட்டார் நின்னுபோச்சு."

பாதிச் சரக்கைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். மீதி தண்ணீராய் ஓடியது. காரணம் கேட்டபோது டீக் கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார். திட்ட வாயெடுத்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இனிமே நான் பல்லு தேய்ச்சிருக்கேனான்னுகூட பாக்காதீங்க. உடனே போன் பண்ணுங்க."

அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் போன். "கட்டுன பொண்டாட்டிகிட்ட இவ்வளவு பேசுனதில்லக்கா" என்று மனைவிக்குப் புகைச்சல்.

ஆறு மாதம் முடிந்த அன்று மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு டீ.

"உங்களுக்குத்தான் சார்."

"சொல்லிடுங்க மேடம்."

"முதல்ல குடிங்க."

குடித்தார்.

"நிரந்தரம் மூணு மாசம் தள்ளிப்போகுது. மேலிடத்துல அந்த ஐஸ்கிரீமை மறக்கல. ஆளையே மாத்தச் சொன்னாங்க. இப்பல்லாம் முதல் ஆளா வந்து சொல்றது இவர்தான்னு சண்டை போட்டு வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்தவர் நேரே சமையலறைக்குப் போய், கல்யாணமான நாளிலிருந்து தொடாத அடுப்பைப் பற்றவைத்து, டீ போட்டு மனைவியிடம் நீட்டினாராம்.

"எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சுக்கா. விஷயத்தைச் சொல்லுங்க முதல்லன்னு டம்ளரை வாங்கவே இல்ல."

"அப்புறம்?"

"சொன்னார். அப்புறம்தான் குடிச்சேன். சர்க்கரையே போடல."