அழாத குட்டி

லஸ்ஹர் நாய்க்குட்டி பார்க்கப் போகவில்லை. பாலைவன ஓரத்துத் தூஸ் ஊரில், சந்தைக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில் உட்கார்ந்து இதை அவர் மூன்று நாள் விளக்கினார். நாய் வேறு, சுலூகி வேறு. நாய் வாசலுக்கு வெளியே கிடந்து குரைக்கும். சுலூகி முயலைத் துரத்தும், வீட்டுக்குள் ஜமக்காளத்தில் படுக்கும், சொந்தக்காரரின் பரம்பரையைவிட நீளமான பரம்பரை அதற்கு உண்டு. அதைப் போய் நாய் என்று சொன்னால், சொந்தக்காரர் குடித்துக்கொண்டிருக்கும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இவ்வளவு நீளமாக விளக்குவதற்குக் காரணம் இருந்தது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தவர் லஸ்ஹர். ஒருமுறை ஒரு தலைமையாசிரியர், குளிரில் நடுங்கிய நாய் ஒன்றை வகுப்பறைக்குள் படுக்க விட்டதற்காக, இவர் நான்கு பக்கச் சுற்றறிக்கை எழுதி மாவட்டம் முழுக்க அனுப்பியிருந்தார். ‘நான்கு கால் பிராணிகளும் கல்வியின் கண்ணியமும்’ என்பது அதன் தலைப்பு. அந்த வட்டாரத்து ஆசிரியர்கள் கல்யாண வீடுகளில் இன்னும் அதை மனப்பாடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் வீட்டுக்குள் மூச்சு விடும் ஒரு பிராணி தேவைப்பட்டால், எழுதியதை விழுங்காமல் தப்பிக்க சுலூகியை விட்டால் வேறு வழியில்லை.

மூச்சு விடும் விஷயத்தைக் கடையில் அவர் சொல்லவில்லை. வேட்டைக்கு என்றுதான் சொன்னார். அவர் வாழ்நாளில் வேட்டையாடியது எழுத்துப் பிழைகளை மட்டும்தான்.

“ஹனிய்யா அக்கா சுலூகிய விக்கிறதில்ல, சும்மா தர்றவ,” என்றார் வண்டி உதிரிபாகக் கடை பெல்காசிம். “யாருக்குத் தரணும்னு அவதான் முடிவு பண்ணுவா. ஆளில்லாத வீட்டுக்குத் தரவே மாட்டா. குடைஞ்சு குடைஞ்சு கேப்பா. நீ என்ன சொல்லப் போற?”

“உள்ளதச் சொல்லுவேன்.”

“அப்ப வெறுங்கையோட வருவ.”

அதனால் லஸ்ஹர் ஷேர் டாக்ஸியில் ஒரு மணி நேரமும், பிறகு மணலில் அரை மணி நேரமும் போகிற வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தார். பையில் ஒரு கிலோ சர்க்கரைக் கட்டி, ஒரு பொட்டலம் தேயிலை, ஒரு நோட்டுப்புத்தகம், ஓர் அளவு நாடா இருந்தன. நல்ல சுலூகிக்கு இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே இத்தனை விரல் இடம் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு விரல்மேல் நம்பிக்கை இல்லை.

ஹனிய்யா அவரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். முன்பல் ஒன்று இல்லை. குரல் மட்டும் முழுசாக இருந்தது. அளவு நாடாவைப் பார்த்ததும், “எனக்கு ஜாக்கெட் தைக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்டரே?” என்றாள்.

“இல்லக்கா. குட்டியோட உடலமைப்ப...”

“பொறந்து மூணு வாரம் ஆகுது. அதுக்கு உடலும் கிடையாது, அமைப்பும் கிடையாது. வயிறுதான் இருக்கு. உள்ள வைங்க அத.”

நாடா பைக்குள் போனது. முற்றத்து மூலையில் பழைய ஒட்டக மயிர்க் கூடாரத் துணியின்மேல் தாய் படுத்திருந்தது. பர்க்கா என்று பெயர். மின்னல் என்று அர்த்தம். அந்த நேரத்தில் மின்னல் வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற மாமியார் மாதிரி அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று குட்டிகள்.

“தாய் எத முதல்ல எடுக்குதோ அதுதான் ராஜா,” என்றாள் ஹனிய்யா. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மூன்றையும் அள்ளிக்கொண்டு போய் முற்றத்தின் மறுகோடியில் வெயில் படும் பாயில் விட்டாள். லஸ்ஹர் நோட்டைத் திறந்து தேதி போட்டார்.

பர்க்கா எழுந்திருக்கவில்லை. கொட்டாவி விட்டது. முன்காலை நக்கியது. முப்பத்தோரு வருடத்தில் தாம் நடத்திய எந்தச் சோதனையிலும் இப்படி ஒரு அலட்சியத்தை லஸ்ஹர் பார்த்ததில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்து நடந்து போய், மணல் நிறத்தில் கறுப்பு மூஞ்சியோடு இருந்த ஆண்குட்டியைக் கழுத்தில் கவ்வி எடுத்து வந்தது. காபிக்கடையில் அவர் மூன்று நாளாக வர்ணித்த குட்டி அச்சு அசலாக அதுதான். ‘ஒன்று’ என்று எழுதினார்.

பாயில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்று, செம்மண் நிறப் பெண்குட்டி, ஊரைக் கூட்டியது. அதன் உடம்பில் தொண்டையைத் தவிர வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பர்க்கா போய் அதை எடுத்து வந்தது. சாம்பல் நிறத்தில் இருந்த மூன்றாவது, தான் தனியாக விடப்பட்டதைக் கவனிக்கவே இல்லை. மோப்பம் பிடித்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, சுருண்டு தூங்கிவிட்டது. தாயும் அதைத் தேடிப் போகவில்லை.

ஹனிய்யா டீ கொதிக்க வைத்தாள். சின்னக் கண்ணாடிக் குவளையில் உயரத்திலிருந்து ஊற்றினாள். விசாரணை ஆரம்பித்தது.

“வீட்டுல யாரெல்லாம்?”

“நானும் என் வீட்டுக்காரியும்.” வழுக்கிக்கொண்டு வந்தது பொய். “மக சூஸா பட்டணத்துல இருக்கா. பேரப் பிள்ளைங்க வந்து போவாங்க.” பேரப்பிள்ளைகள் கடைசியாக வந்தது ஒரு ஜனாஸா அடக்கத்துக்கு.

“வீட்டம்மாவுக்குச் சம்மதமா? பொம்பளைக்குச் சம்மதம் இல்லாத வீட்டுல சுலூகி எலும்பாயிடும்.”

“அவதான் போகச் சொன்னதே.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் லஸ்ஹருக்கு நிறுத்தத் தோன்றவில்லை. “முதல்ல வேணாம்னுதான் சொன்னா. முடி கொட்டும், யாரு கூட்டுறதுன்னா. அப்புறம் நேத்து அவளே சொல்றா, ராத்திரியில காலு சில்லுன்னு ஆகுது, பக்கத்துல ஏதாச்சும் படுத்தா கதகதப்பா இருக்கும்னு.” சில்லென்று ஆவது அவர் கால்கள். அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டதில் அவருக்குக் கூச்சம் இல்லை. “பேருகூட யோசிச்சு வெச்சிருக்கா. எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறா. அவ எப்பவும் அப்படித்தான். காலைல சண்ட போடுவா, சாயங்காலம் ஒண்ணும் நடக்காத மாதிரி அத்திப்பழம் உரிச்சுக் குடுப்பா.”

ஒரு பிள்ளை கட்டுரையில் காலம் பிசகியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்ட மனிதர், இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக மனைவி ஸாலிஹாவை நிகழ்காலத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வாய்க்கு அது நன்றாக இருந்தது.

“குட்டிக்கு என்ன சாப்பாடு போடுவீங்க?”

“பார்லிக் கஞ்சிதான். ஸாலிஹா, அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்வானாக, பார்லிக் கஞ்சி செஞ்சான்னா...”

லஸ்ஹர் நிறுத்தினார்.

இறந்தவர் பெயரை உச்சரித்ததும் அந்த ஊரில் நாக்கு தானாகச் சேர்த்துக்கொள்ளும் வார்த்தை அது. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. தும்மினால் சொல்வதுபோல வந்துவிடும். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அவர் ஒன்றரை மணி நேரம் சிரமப்பட்டுக் கட்டிய வீட்டை ஒரு மூச்சில் இடித்துவிட்டது.

“ரஹ்மத்துன்னா கருணை, எல்லாருக்கும் வேண்டியதுதானே,” என்றார். “உயிரோட இருக்கிறவங்களுக்கும் சொல்லலாம். இலக்கணப்படி தப்பில்ல.”

“சொல்லலாம்,” என்றாள் ஹனிய்யா. “யாரும் சொன்னதில்ல.”

அவர் குவளையைப் பார்த்தார். அவள் அதில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

“எப்ப?”

“ரெண்டு வருஷம். நோன்புக்கு முந்தின வாரம்.”

“கஞ்சியாவது நெசமா?”

“உப்பு ஜாஸ்தி போடுவா.”

ஹனிய்யா சிரித்தாள். லஸ்ஹரும் சிரித்தார்.

“ஒரு தடவ தனி ஆளுக்குக் குடுத்தேன்,” என்றாள் அவள். “பெரிய உத்தியோகம். கழுத்துப்பட்டைய வெளிநாட்டுலேருந்து வரவழைச்சாரு. காலைல பூட்டிட்டுப் போனா ராத்திரிதான் வருவாரு. எட்டாம் மாசம் குட்டி கதவ நகத்தாலயே பிறாண்டி, ஓட்டை போட்டு, அறுபது கிலோமீட்டர் இங்க நடந்து வந்துச்சு. இதே இடத்துல வந்து படுத்துச்சு. பாதத்துல தோலு இல்ல.” அது பிழைத்ததா என்று அவர் கேட்கவில்லை. அவள் டீப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். “நீங்க வீட்டப் பூட்டிட்டு எங்க போவீங்க?”

“காபிக்கடைக்கு. காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம்.”

“அந்நேரம் வீடு எப்படி இருக்கும்?”

லஸ்ஹர் ஒரு பதில் வைத்திருந்தார். அதில் ‘சூழ்நிலை’, ‘ஒழுங்கு’ எல்லாம் வந்தன. வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது. “ரேடியோவப் போட்டுட்டுப் போவேன்கா. திரும்பிக் கதவத் தொறக்கும்போது உள்ள யாரோ பேசிட்டிருக்கிற மாதிரி இருக்கும். சில நாள் வானிலை அறிக்கை ஓடும். அதுகூடப் பரவால்ல.”

ஹனிய்யா எழுந்து போய், பாயில் தூங்கிய சாம்பல் குட்டியை எடுத்து வந்து மற்றவற்றோடு போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“சரி, ஆளில்லாத வீடுன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப ராஜாவப் பத்திப் பேச வேணாம். அவன உள்ள வெச்சுப் பூட்டுனா கதவு நிக்காது. மிச்சம் ரெண்டு. தெனம் ரெண்டு தரம் தனியா கெடக்கப் போற குட்டி எதுன்னு நீங்களே சொல்லுங்க. சரியாச் சொன்னா தர்றேன். தப்பாச் சொன்னா சர்க்கரையத் திருப்பி எடுத்துட்டுப் போங்க.”

இன்ஸ்பெக்டர் தானே ஒரு தேர்வு எழுதி வெகு காலமாகியிருந்தது. அவர் குட்டிகளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். முழங்கால் சத்தம் போட்டது. பர்க்கா ஒரு கண்ணால் பார்த்து, ஆபத்தில்லை என்று முடிவு செய்துகொண்டது.

செம்மண் குட்டி தடுமாறி நடந்து அவர் செருப்புக்கு வந்தது. செருப்பிலிருந்து விரலுக்கு வந்தது. சுண்டுவிரலை வாயில் வாங்கிக்கொண்டு, பால் வராதது தெரிந்தும் விடவில்லை. அவர் கையை இழுத்தால் அழுதது. திரும்பக் கொடுத்தால் நிறுத்தியது. இழுத்தார், அழுதது. கொடுத்தார், நிறுத்தியது. அறுபத்து மூன்று வயதில் அவர் போவதையும் வருவதையும் பொருட்டாக நினைக்கும் ஒரு உயிர் இப்போது கையளவில் இருந்தது. அவர் இவ்வளவு தூரம் வந்ததே இதற்குத்தான். இது கதவுக்குப் பின்னால் காத்திருக்கும். சாவிச் சத்தம் கேட்டதும் துள்ளும். தெருமுனையிலேயே இவர் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அதுவரைக்கும் என்ன செய்யும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவர் வீட்டு மதியம் எவ்வளவு நீளம் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. அந்தக் கதவுக்கு உள்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் கதை சொல்ல வேண்டியதில்லை.

காபிக்கடையை விட்டுவிடலாமே என்று தோன்றியது. எத்தனை நாளைக்கு என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். தன் பதிலுக்கு அவரே மதிப்பெண் போட்டார். பாஸாகவில்லை.

சுண்டுவிரலை மெதுவாக உருவிக்கொண்டார். அது அழுதது. அழவிட்டார்.

“சாம்பல்,” என்றார்.

“அது உங்களத் தேடாது, தெரியும்ல?”

“தெரியும்.”

“கூப்பிட்டா வரும். கூப்பிடலன்னா அதுபாட்டுக்குப் படுத்திருக்கும். நீங்க இருக்கீங்களா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்காது.”

“நான் கூப்பிடுறேன்கா.”

ஹனிய்யா உள்ளே போய் நீலக் கம்பளி நூல் ஒன்றைக் கொண்டுவந்து சாம்பல் குட்டியின் கழுத்தில் தளர்வாகக் கட்டினாள். இனி வேறு யாருக்கும் அது போகாது. குட்டி ஒரு கண்ணைத் திறந்தது. அந்தக் கண்ணில் லஸ்ஹர் விழுந்ததாகத் தெரியவில்லை. மூடிக்கொண்டது.

“இன்னும் ஒரு மாசம் தாய்ப்பால் குடிக்கட்டும். அப்புறம் வந்து எடுத்துட்டுப் போங்க.”

“நடுவுல ஒரு தடவ வந்து பாக்கலாமா?”

“எதுக்கு? அறிக்கை எழுதவா?”

“இல்ல. சும்மா.”

“சும்மான்னா வியாழக்கிழமை வாங்க. அன்னிக்கு ரொட்டி சுடுவேன்.”

மணலில் அரை மணி நேரம் திரும்பி நடந்தார். பை இலேசாக இருந்தது. நோட்டில் ‘ஒன்று’ என்பதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. எங்கே ராஜா என்று பெல்காசிம் கேட்பார். அதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டும். வழியில் ஒரு வாக்கியம்கூட உருவாகவில்லை.

நிறுத்தத்தில் ஷேர் டாக்ஸி ஒன்று காலியாக நின்றிருந்தது. எட்டு பேர் ஏறினால்தான் கிளம்பும். லஸ்ஹர் பின் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் இரண்டு பக்கமும் ஆளே இல்லை. டிரைவர் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஹாஜி, தனியாவா வந்தீங்க? கூட யாராச்சும் வர்றாங்களா?”

“வரும்,” என்றார் லஸ்ஹர். “ஒரு மாசம் ஆகும்.”

டிரைவர் அவரைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான்.

“அவ்வளவு நேரம் வண்டி நிக்காது, ஹாஜி,” என்று சொல்லிவிட்டு, மிச்சம் ஏழு பேருக்காகக் காத்திருக்கப் போனான்.