கம்பி தாங்கும் காற்று

1

காற்றே, கொஞ்சம் பொறு. உன்னைக் கொண்டுவர எங்களிட்டைக் கம்பி காணாது.

சுலக்சனா இப்படி நினைத்தாள் என்று தொடங்கியிருக்கிறேன். (எஞ்சினியர்கள் காற்றோடு பேசுவார்களா? இவள் பேசுவாள். நான் கேட்டதில்லை, உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.) இந்தக் கதை 2012இல், மெல்பேர்னின் வெரிபீ ரயிலில், அவள் என் எதிரே இருந்து தன் வேலையைச் சொன்னபோது எனக்குக் கிடைத்தது.

மெல்பேர்னிலிருந்து மேற்கே மூன்று மணித்தியாலம் காரில் ஓடினால் ஒரு குன்று. அதில் இருபது காற்றாலைகள். அவற்றின் மின்சாரம் வருவது ஒரே பழைய கம்பியில். மின்சாரம் கூடினால் கம்பி சூடாகும், நீளும், தொய்யும்; கீழே மரத்தில் பட்டால் தீ. ஆகவே வெயில் நாட்களில் எட்டை நிறுத்திவைத்து, பன்னிரண்டை மட்டும் ஓட்டுகிறார்கள்.

“கலியாண வீட்டிலை அண்டா அண்டாவாச் சோறு, பரிமாற ஒரேயொரு கரண்டி. அதுதான் என்ரை வேலை,” என்றாள்.

2

அவளுடைய மேலதிகாரி சேஷாத்ரியை முதலில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். எடுத்துவிட்டேன். சென்னைக்காரரான அவருக்கு, காற்று வீசும்போது நிற்கும் இறகுகளைக் கண்டால் சாப்பாடு இறங்காது. அழகான யோசனையும் அவருடையதுதான்: காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று கம்பியையும் குளிர்விக்கும் அல்லவா? அப்போது கூடுதலாக அனுப்பலாமே!

“காத்தே கரன்ட்டும் குடுக்குது, விசிறியும் வீசுது! ஜனவரிக்குள்ள எல்லாத்தையும் ஓட்டிடலாம். ரிப்போர்ட்ல இருபதுன்னு போட்டு சைன் பண்ணிடும்மா.”

அவள் மனதில் இனம்புரியாத ஒரு—

இனம் புரிந்துதான் இருந்தது. சந்தோஷம்.

3

கையெழுத்துப் போடும் முன் கம்பிக்குக் கீழே ஒருமுறை நடந்து பார்ப்பது அவள் வழக்கம். ஜூன் மாதக் குளிரில் ஒரு சனிக்கிழமை போனாள். கணவன் மயூரதன் இதைப் பிக்னிக் என்று நம்பி, ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்தான்.

“ஆக்கள் மனிசனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவினம். நீ கரண்ட் கம்பிக்குக் கீழை கூட்டிக்கொண்டு வாறாய்.”

“கதையாமல் ரோல்ஸைத் தாங்கோ.”

குன்றில் இறகுகள் விசையாகச் சுற்றின. கம்பி கடந்துபோகும் பள்ளத்தில், யூக்கலிப்டஸ் மரங்களின் மறைவில், மயூரதன் தேத்தண்ணி ஊற்றினான். ஆவி நேராக மேலே போனது. ஆடவேயில்லை.

“ஐயோ, இங்கை காத்தே இல்லை!”

“நல்லதுதானே? தேத்தண்ணி ஆறாது.”

“கம்பியும் ஆறாதப்பா!”

சொல்லிவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தாள். (கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு, கிடைத்தது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பார்க்கத் தெரியாது.) குன்றில் அளந்த காற்றையே கம்பி முழுவதற்கும் கணக்கில் போட்டுவிட்டார்கள். அவளும் சேர்ந்துதான். அடுத்த வாரங்களில் பள்ளத்தில் கருவி வைத்து அளந்தாள். அதே பதில்.

தீர்வு சின்னது. அங்கே கம்பியைத் தாங்கும் இரண்டு கோபுரங்களை உயர்த்தினால், தொய்ந்தாலும் கம்பி மரத்துக்கு எட்டாது, இருபதும் ஓடும். ஆனால் அதைக் கட்டி முடிப்பதற்குள் வரப்போகும் டிசம்பர், ஜனவரிக் கோடை போய்விடும்.

4

முடிவு, ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். நாற்பத்துமூன்று பாகை வெயில். பள்ளத்தில் கம்பி தொய்ந்து, காய்ந்த மரத்தை—

இல்லை. 2009 பெப்ரவரியில், மின்கம்பியிலிருந்தும் பற்றிய காட்டுத்தீ ஊர்களை எரித்தபோது இந்த மாநிலத்தில் இருந்த என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது.

இன்னொன்று: கையெழுத்துப் போடுகிறாள், எதுவும் நடக்கவில்லை. எல்லாரும் கேக் வெட்டுகிறார்கள். இதற்குத்தான் சாத்தியம் அதிகம். அவளைத் தூங்கவிடாததும் இதுதான்.

மூன்றாவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும். சேஷாத்ரி அறிக்கையோடு அவள் மேசைக்கு வருகிறார்.

“இந்த ஒரு சம்மர்தான்மா. லேட்டானா அடுத்த குன்றுல காத்தாலை வைக்கக் கம்பியே தரமாட்டாங்க. ஒரு பள்ளத்துக்காகவா எல்லாம் நிக்கணும்?”

அவர் சொல்வது பொய்யில்லை. அதனால் அவளுக்காக ஒரு பக்கம் முழுக்க வசனம் எழுதினேன்: பொறுப்பு, மனச்சாட்சி, எதிர்காலம். எழுதிய அடுத்த நாள் ரயிலில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

“இவ்வளவும் கதைச்சால் அந்த மனுசன் பாவமெல்லே,” என்று சிரித்தாள்.

வெட்டிவிட்டேன். சேஷாத்ரி என்ன பதில் சொன்னார், அந்தக் கோபுரங்கள் எழுந்தனவா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. கோபுரங்களின் வரைபடத்தை அவர் பக்கம் நகர்த்தி, மெல்லச் சொன்னாளாம்:

“பன்னிரண்டெண்டால் இப்பவே சைன் பண்ணுறன், சேஷாத்ரி. இருபதுக்கு மாட்டன்.”