அண்ணனைப் பற்றி ஓர் ஆங்கிலக் கவிதை

ஆங்கிலத்தில் எழுதினால் வீட்டுக்கு எட்டாது என்றுதான் கிருஷ்ணகுமாரி நினைத்திருந்தாள். றக்வானைக்கு மேலே இருந்த அவர்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஆங்கிலம் படித்தவள் அவள் ஒருத்திதான். அண்ணன் கிருஷ்ணராஜ் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்தான். அண்ணி தனுஜா கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருவருக்கும் ஆங்கிலம் என்றால் மருந்துப் போத்தலில் இருக்கும் எழுத்து, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. பல்கலைக்கழகக் கெம்பஸில் அவளுக்கு மூன்றாம் வருடம். அந்தத் தவணை நவீன அமெரிக்க இலக்கியம். நாவல்களில் வந்த ரயில்களும் பனியும் அவளுக்கு அந்நியமாகவே கிடந்தன. கவிதைக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன நூற்றாண்டின் நடுவில் அந்த நாட்டில் சிலர் தங்கள் வீட்டை அப்படியே திறந்துபோட்டு எழுதியிருந்தார்கள். தாயின் குடி, தகப்பனின் கை, மனநோய் ஆஸ்பத்திரியில் தாங்கள் கிடந்த நாட்கள், எதையும் ஒளிக்கவில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்பதையே சோற்றோடு பிசைந்து ஊட்டி வளர்க்கப்பட்டவளுக்கு அது மயக்கமாக இருந்தது.

“அழகான பொய்ய எழுதுறத விட அசிங்கமான உண்மைய எழுதுறதுக்குத்தான் தைரியம் வேணும்,” என்றார் விரிவுரையாளர் நூரியா மிஸ். இரத்தினபுரிக்காரர். ஆங்கிலத்தில் பாடம் நடத்திக்கொண்டே இடையில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் தாவுவார்.

பக்கத்திலிருந்த தோழி பஸ்னா கையைத் தூக்கினாள். “அந்தத் தாய்க்கிட்ட கேட்டுட்டா மிஸ் எழுதினாங்க?”

வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியாது,” என்றார். அந்தக் கேள்வி கிருஷ்ணகுமாரிக்கு எரிச்சலைத்தான் தந்தது. கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வரியாவது எழுத முடியுமா?

தவணை முடிவில், கட்டுரைக்குப் பதிலாக விரும்பியவர்கள் அந்த வழியில் சொந்தக் கவிதை எழுதலாம் என்று மிஸ் சொன்னார். கிருஷ்ணகுமாரி அண்ணனை எழுதினாள்.

நான்கு வருடத்துக்கு முன் கிருஷ்ணராஜ் கொழும்பில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றான். எங்கோ குண்டு வெடித்த கிழமை, பொலிஸ்காரர்கள் கடைப் பையன்களோடு அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயர் போதுமானதாக இருந்தது. வீட்டார் மாதக்கணக்கில் தேடி அலைந்த பிறகு ஒரு மத்தியானம் தானாகவே லயத்துக்கு வந்து சேர்ந்தான். பகலில் பழைய அண்ணன்தான். ஆனால் விடிந்தால் அவன் படுத்த பாய் நனைந்திருந்தது. ஒரு வருடம் அப்படி. பிறகு நின்றது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா போன வருடம் இறந்து போனாள். தனுஜா வந்தது அதற்குப் பிறகு. அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கவிதையில் ஒரு தங்கை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, யாரும் பார்க்காமல் அந்தப் பாயை எடுத்துப்போய் அலசிக் காயப்போடுகிறாள். அவ்வளவுதான் கதை. மிஸ் அதற்கு வகுப்பிலேயே உயர்ந்த புள்ளி போட்டார். துறை விழாவில் வாசிக்கச் சொன்னார். வீட்டாரையும் கூட்டிவரலாம் என்றார்.

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் அவன். கிருஷ்ணகுமாரி ஆங்கிலத்தில் வாசித்தபோது, ஒரு சொல்லும் புரியாமல், முகம் கொள்ளாத சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் மேடையை விட்டு இறங்கப் போனாள். மிஸ் மைக்கை வாங்கினார். வந்திருக்கும் பெற்றோர் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, இவ்வளவு நல்ல கவிதை அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும், அதனால் ஒரு மாணவர் இதைச் சிங்களத்தில் பெயர்த்திருக்கிறார் என்றார். கிருஷ்ணகுமாரியைப் பார்த்து, பரிசு கொடுக்கிறவரைப் போலச் சிரித்தார். அந்த மாணவர் வாசிக்கத் தொடங்கினார்.

றக்வானைப் பக்கத்தில் பிறந்தவனுக்குச் சிங்களம் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ஸ்டோரிலும் தினம் புழங்குகிற பேச்சு. முதல் வரியிலேயே ‘அய்யா’ என்று வந்தது, சிங்களத்தில் அண்ணன். கிருஷ்ணராஜின் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டான். அடுத்தடுத்த வரிகளில் அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்பதை அவள் மேடையில் நின்றபடி முழுவதும் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி, யாரைப் பற்றியது என்று தெரியாமல், “அனே, பவ்” என்று, ஐயோ பாவம் என்று, அவனிடமே இரங்கிச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். தனுஜா ஒரு தடவை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து அவனும் கை தட்டினான்.

“உங்கட தங்கச்சி நல்லா வருவா,” என்றார் மிஸ், தேநீர் நேரத்தில்.

“ஆமாங்க மிஸ்,” என்றான்.

பெல்மதுளையில் பஸ் மாறினார்கள். தனுஜாவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அண்ணனும் தங்கையும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணே…”

“அந்தப் பையன் தெளிவா வாசிச்சான்.”

“இங்கிலீசுல மட்டுந்தான்னு நெனச்சேன். சிங்களத்துல வாசிப்பாங்கன்னு சத்தியமா தெரியாது.”

“அப்ப எனக்கு வெளங்காதுன்னுதான் எழுதியிருக்க.”

பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஏறியது. அவன்தான் மறுபடி பேசினான், சனங்களுக்குக் கேட்காத குரலில்.

“ஒன்னு கேக்குறேன். அந்தப் பாய நீயா அலசுன?”

எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. கவிதைக்கு ஒரு கை தேவைப்பட்டது, தன் கையை வைத்தாள். அவள் பதிலுக்குக் காத்திராமல் அவனே சொன்னான்.

“அம்மாதான் அலசுனாங்க. கொழுந்து பறிக்கப் போறதுக்கு முன்னுக்கு, பீலித் தண்ணிக்கு யாரும் வர்றதுக்குள்ள. நீ நாத்தம்னு சொல்லிட்டு அத்தை காம்பராவுக்குப் போயி படுத்த. நான் தூங்கல குமாரி. கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

“அண்ணே, நான்…”

“என்னய எழுதுனது போவட்டும். பொண்டாட்டிகிட்ட என்னைக்காச்சும் நானே சொல்லியிருப்பேன், சொல்லாமயும் இருந்திருப்பேன். அம்மா செஞ்சத நீ ஏன் எடுத்துக்கிட்ட?”

கஹவத்தையில் ஒரு இடம் காலியானதும், “நீ ஒக்காரு,” என்று அவளை உட்கார வைத்தான்.

திங்கட்கிழமை அவள் நூரியா மிஸ்ஸின் அறைக்குப் போனாள். துறைச் சஞ்சிகையில் அந்தக் கவிதை வர வேண்டாம் என்றாள். காரணத்தையும் சொன்னாள், பாயை அலசியது யார் என்பது வரைக்கும்.

மிஸ் கவிதைத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். “தாயப் போட்டு மாத்தி எழுதலாமே?”

“அவங்ககிட்டயும் கேக்கல மிஸ். இனிக் கேக்கவும் முடியாது.”

“நானும்தான் உங்கக்கிட்ட கேக்கல்ல, சிங்களத்துல போடட்டான்னு. நல்லது செய்யிறதா நெனச்சிட்டேன்,” என்றார் மிஸ். கவிதையை எடுத்துவிடச் சம்மதித்தார். ஆனால் புள்ளியை மாற்ற முடியாது, அது மேலே போய்விட்டது. பெறுபேறு வந்தபோது அமெரிக்க இலக்கியத்தில்தான் அவளுக்கு எல்லாவற்றையும் விட உயர்ந்த தரம். பஸ்னா கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். கிருஷ்ணகுமாரி அதை வீட்டில் சொல்லவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. அண்ணன் முன்போலவே வாரக் கடைசியில் பஸ் வரும் சந்தியில் வந்து நின்றான், பையை வாங்கிக்கொண்டான். அண்ணி முன்போலவே மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தாள். அவள் இருக்கும்போது பேசுவது மட்டும் மழை, கொழுந்து, சாமான் விலை என்று ஆயிற்று.

தீபாவளிக்கு வந்திருந்தபோது ஒரு மாலை, குசினியில் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகுமாரி உள்ளே போனாள். தனுஜா சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

“என்னங்க அண்ணி? ஏதாச்சும் பிரச்சினையா?”

“ஒன்னுமில்ல. வெறகுப் பொகை,” என்றாள் தனுஜா.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அந்நியர் வீட்டுக்குள் வந்தால் எழுந்து நிற்பார்களே, அப்படி எழுந்து நின்றான்.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் உள்ளே அவர்கள் பேசவில்லை.