பதினொரு சுற்று

கணவர் சதாசிவம் போனதிலிருந்து மங்கை அந்தச் செக்கோயா என்ற ராட்சத ஊசியிலை மரத்தைத் தினமும் பதினொரு தடவை வலம் வந்தாள். விம்பிள்டனில், வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் நூற்றைம்பது வருடமாக நிற்கிற மரம். தன் கடைசி வருடம் முழுக்க அவர் அதில் கையை ஊன்றித்தான் மூச்சு வாங்கினார். விரலை அழுத்தினால் உள்வாங்கும், தும்பு மெத்தை போன்ற பட்டை. மாலை போட்ட படத்தைவிட அந்தப் பட்டையில்தான் அவளுக்கு அவர் இருந்தார்.

அன்று காலை கவுன்சில் ஆட்கள் மரத்தைச் சுற்றி வேலி அடித்துக்கொண்டிருந்தார்கள். மரங்களுக்குப் பொறுப்பான ஷெறோன், கோயிலில் கண்டு பழகிய பெண்.

“என்ன பிள்ளை, மரத்தைப் பிடிச்சு மறியலிலை அடைக்கிறியளோ?”

“நுனி காயுது அன்ரி. இதின்ரை வேர் ஆழமில்லை, மேலாலை ஓடுறது. ஆரோ மிதிச்சு மிதிச்சு மண்ணை இறுக்கிப்போட்டினம்.”

“நாய் கொண்டு வாற ஆக்களாயிருக்கும்.”

“நாய் இவ்வளவு வட்டமா நடக்காது.”

மங்கை குனிந்து பார்த்தாள். புல் செத்த வளையம் அவள் சப்பாத்து நுனியில்தான் தொடங்கியது.

சதாசிவம் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு செக்கோயாவின் பட்டையை நூறடிக்கு மேல் உரித்துக் கப்பலேற்றி, இந்த லண்டனிலேயே காட்சிக்கு வைத்தார்கள். சனம் அண்ணாந்து வியந்தது. அங்கே மரம் நின்றபடியே செத்தது. தோப்புகளுக்குக் காவல் சட்டம் வந்தது பிறகுதான். “கோபத்திலை இல்லையப்பா, ஆசையிலை உரிச்சவங்கள்” என்பார்.

“அது நான்தான், பிள்ளை. மூண்டு வருஷமா.”

ஷெறோன் சுத்தியலைக் கீழே வைத்தாள். கடைசிப் பலகை மட்டும் பாக்கி.

“ஒருக்கா உள்ளை போய்த் தொட்டிட்டு வாங்கோ அன்ரி. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

மங்கை சப்பாத்தைக் கழற்றினாள். ஈரப்புல் குளிர்ந்தது. உள்ளங்கை தானாக விரிந்தது. மரத்துக்கு நாலே எட்டு. அந்த நாலு எட்டும் வேரின் மேல்தான். தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தாள்.

“வேர் எவ்வளவு தூரம் போகும்?”

“அந்தத் தார்ப்பாதை வரைக்கும்.”

“அப்ப நீ பலகையை அடி.”

சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பூங்காவையே சுற்றி வருகிற தார்ப்பாதையில் ஏறினாள். ஒரு சுற்றுக்கே அரைமணி எடுத்தது, முழங்கால் நொந்தது. தேநீர்க் கடைக்குப் பின்னால் மரம் கொஞ்ச நேரம் மறைந்தது. அங்கேயும் அவள் மரம் நிற்கிற வலப்பக்கம் திரும்பியபடியே நடந்தாள்.